மண்ணுக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

காஞ்சிபுரம்னு சொன்னதும் உங்க மனசுல முதல்ல என்ன வரும்? பட்டுப்புடவை. அப்புறம் மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லி. அப்புறம் கோயில்கள். வீக் எண்டுல சென்னையிலிருந்து பைக்கில் கிளம்பினால், மதியத்துக்குள் மூன்றையும் முடித்துவிட்டு நாலு ரீல்ஸும் எடுத்துவிட்டு வந்துவிடலாம்.

ஆனால், அந்த ஊரில் நிறைய பேர் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு விஷயம் இருக்கு. மண்! பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில்தான் நிலத்துக்கு உரியது. மாமரத்தடியில் அம்மன் மணலால் பிடித்த லிங்கம் என்பது தலபுராணம். பட்டு நெய்கிற வீடுகளுக்குள் போனாலும் மண்தான். தரையில் குழி வெட்டி, அதுக்குள் காலை இறக்கி உட்கார்ந்துதான் குழித்தறியில் நெய்வார்கள். பட்டு நூலே மல்பெரி இலையைத் தின்ற புழு தந்தது. அந்த இலைக்குச் சத்து கொடுத்ததும் ஏதோ ஒரு வயலின் மண்.

பட்டையும் மண்ணையும் ஒரே காட்சியில் வைத்துத் தொடங்கிய ஒரு வாழ்க்கைதான் இந்தக் கட்டுரை. இன்னைக்கு இயற்கை விவசாயம் என்றால் நமக்கு நம்மாழ்வார் ஞாபகம் வரும். அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, மண்ணோட வரவு செலவை எழுதிப் பார்த்த ஒரு தமிழர் இருந்தார். அவர் விவசாயக் கல்லூரியில் படித்தவர் இல்லை. லண்டனில் படித்த ஆடிட்டர். பெயர் ஜோசப் செல்லத்துரை குமரப்பா. சுருக்கமாக ஜே.சி.குமரப்பா.

தஞ்சாவூர் டு நியூயார்க்

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில், வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறை அதிகாரி. வீட்டில் ஆங்கிலப் பழக்கவழக்கம். குடும்பப் பெயரும் கொர்னீலியஸ். அதனால் அவர் முதலில் ஜோசப் கொர்னீலியஸ்தான். சென்னையில் படிப்பு, அப்புறம் லண்டனில் கணக்குத் தணிக்கைப் பயிற்சி, அங்கேயே கொஞ்ச நாள் வேலை. இந்தியா திரும்பியதும் பம்பாயில் சொந்த ஆடிட்டிங் நிறுவனம். கோட், சூட், கைத்தடி என்று வாழ்க்கை ஜம்முனு போய்க்கொண்டிருந்தது.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படிக்கச் சேர்ந்தார். அங்கேதான் வாழ்க்கை திரும்பியது. இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தப் பேச்சு நியூயார்க் டைம்ஸில் செய்தியானது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார்.

கணக்குப் புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, ஆங்கிலேய அரசு எங்கே வரி எடுத்தது, எங்கே செலவழித்தது என்று வரிசையாகத் தெரியவந்தது. ஆங்கிலேய மோகத்தில் வளர்ந்தவருக்கு அது பெரிய அதிர்ச்சி. ஊர் திரும்பியதும் கொர்னீலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, முன்னோர் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

பட்டுக் கால்சட்டையும் சாணித் தரையும்

ஆய்வைப் புத்தகமாகப் போடணும். அதுக்காக 1929 மே 9 அன்று காந்தியைப் பார்க்க சபர்மதி ஆசிரமம் போனார். தங்கக் கொடுத்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் மட்டும். நம்ம ஆளுக்கு அது பிடிக்கவே இல்லை. சந்திப்புக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு வயசானவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பாவுக்கு ராட்டை புதுசு. கைத்தடியில் சாய்ந்து நின்றபடி வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று அந்தப் பெரியவர் விசாரித்தபோதுதான் அவர் யார் என்று புரிந்தது.

அடுத்து நடந்ததுதான் மேட்டர். பளபளவென்று இஸ்திரி போட்ட பட்டுக் கால்சட்டையோடு அப்படியே அந்தச் சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய ஆய்வு காந்தியின் 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. அதோடு காந்தி ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதாரத்தை ஆராயணும். குஜராத்தி தெரியாத அந்த ஆடிட்டர், வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எவ்வளவு வருது, எவ்வளவு போகுது, கடன் எவ்வளவு என்று வீடு வீடாக எழுதினார். கம்பெனி லெட்ஜர் எழுதிய கை, முதன்முதலாக ஒரு வயலோட லெட்ஜர் எழுதியது அங்கேதான்.

காந்திக்கும் கணக்கு கணக்குதான்

கணக்கு விஷயத்தில் குமரப்பா எவ்வளவு ஸ்ட்ரிக்ட் தெரியுமா? 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரண அமைப்பின் நிதியைக் குமரப்பா கவனித்தார். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தார். காந்தி தன் குழுவோடு வந்தபோது அவர்கள் செலவு அந்த வரம்பைத் தாண்டியது. மக்களுக்காக வந்த நிவாரணப் பணத்தில் அதை எழுத முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டார். காந்தியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் உருவானது. செயலாளர் குமரப்பா. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அலுவலகம். தம்பி பரதன் குமரப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கையால் செய்த காகிதம், தேனீ வளர்ப்பு, மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கு என்று ஆராய்ச்சியும் பயிற்சியும் நடந்தது.

இதெல்லாம் பழைய காலத்து ஏக்கம் மாதிரி தோணும். ஆனால் குமரப்பா போட்டது பக்கா கணக்கு. செக்கு ஊரில் இருந்தால் எண்ணெய் மட்டும்தான் வெளியே போகும். புண்ணாக்கு ஊரிலேயே தங்கும். மாடு அதைத் தின்னும், சாணி போடும், சாணி வயலுக்குப் போகும். எள்ளையும் கடலையையும் அப்படியே மூட்டை கட்டி தூரத்து மில்லுக்கு அனுப்பினால்? மண்ணிலிருந்து எடுத்த சத்தும் சேர்ந்து ஊரை விட்டுப் போய்விடும். திரும்பி வராது.

டிராக்டர் விஷயத்திலும் இதே லாஜிக்தான். உழுவதற்கு மாடு இருந்தால் உழவோடு எருவும் கிடைக்கும். டிராக்டர் உழும், புகை விடும், அவ்ளோதான். அப்புறம் எருவுக்கு விவசாயி கடைக்குத்தான் போகணும்.

சிறையில் எழுதிய புத்தகம்

விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை போனவர் குமரப்பா. வெள்ளையனே வெளியேறு காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் 'நிலைத்த பொருளாதாரம்' என்று அறியப்படும் அந்தப் புத்தகத்துக்கு, 1945-ல் காந்தி முன்னுரை எழுதினார்.

அதில் பொருளாதாரத்தை விலங்குகளை வைத்து விளக்குகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. அடுத்தவர் தோப்பில் மாம்பழம் பறிக்கும் குரங்கு இன்னொரு வகை. பூவில் தேன் எடுத்தாலும் அதற்கு ஈடாக மகரந்தச் சேர்க்கை செய்துவிட்டுப் போகும் தேனீ மூன்றாவது வகை. தேனீ, தனக்கு மட்டும் இல்லாமல் கூட்டுக்கே சேர்க்கிறது, அது நான்காவது. எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவை கடைசி வகை. மனுஷன் புலியாக இருக்கப்போகிறானா, தேனீயாக இருக்கப்போகிறானா என்பதுதான் புத்தகத்தின் கேள்வி.

இன்னொரு பிரிவினையும் செய்தார். நிலக்கரி, பெட்ரோல், உலோகத் தாதுக்கள் எல்லாம் தேக்கிவைத்த தொட்டி மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். காடு, ஆறு, விளைச்சல் எல்லாம் ஓடுகிற நீர் மாதிரி. சரியாக நடத்தினால் வந்துகொண்டே இருக்கும். தொட்டியை நம்பி நடக்கும் பொருளாதாரத்தில் சண்டை வரும், ஓடுகிற நீரை நம்பி நடப்பது நிலைக்கும் என்பது அவர் வாதம். இன்னைக்கு சஸ்டெய்னபிள் என்று லேபிள் ஒட்டி விற்கிறார்களே, அந்த யோசனையை அவர் 80 வருஷத்துக்கு முன்பே கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிவிட்டார்.

எந்தப் பயிரை எவ்வளவு போடணும் என்பதற்கும் கணக்கு இருக்கு. ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,860 கலோரி, கூடவே துணிக்குப் பருத்தி என்று வைத்துக்கொண்டு, தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நிலம் வேணும் என்று அட்டவணை போட்டார். நெல் வயல்கள் தென்னந்தோப்பாக மாறி, அந்த எண்ணெய் சோப்பு மில்லுக்குப் போவதை உதாரணமாகக் காட்டி, சாப்பாட்டு நிலம் சோப்பு நிலமாகிறது என்று வருந்தினார்.

மண்ணோட பேலன்ஸ் ஷீட்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ரசாயன உரம் மண்ணைத் தூண்டிவிடுமே தவிர ஊட்டாது என்பது குமரப்பாவின் நிலை. இது வெறும் நம்பிக்கையா, அறிவியலா?

யூரியாவை எடுத்துக்குவோம். அதில் 46 சதவீதம் தழைச்சத்து. பயிர் ஒரே வாரத்தில் பச்சையாகும். கண்ணுக்குத் தெரியும் ரிசல்ட். ஆனால் மண்ணுக்குத் தழைச்சத்து மட்டும் போதாது. ஒரு டீஸ்பூன் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பூஞ்சைகள், நூற்புழுக்கள், மண்புழுக்கள் தனி. இவற்றுக்கெல்லாம் சாப்பாடு மக்கிய இலை, வேர், சாணி, அதாவது கரிமம். அந்தச் சாப்பாடு கிடைத்தால் இவை மண் துகள்களை ஒட்டவைத்து, காற்றும் நீரும் போக இடம் விடும். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். கரிமம் போடாமல் மூட்டை உரம் மட்டும் போட்டால், இந்தக் கூட்டம் பட்டினி. மண் இறுகும், தண்ணீர் நிற்காது, அடுத்த போகத்துக்கு இன்னும் அதிக உரம் கேட்கும்.

குமரப்பா தனியாளும் இல்லை. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவர விஞ்ஞானி, 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, இந்திய விவசாயிகளின் எருக்குழியைப் பார்த்துப் படித்து 'இந்தூர் முறை' கம்போஸ்ட்டை உருவாக்கினார். காய்ந்த கழிவு, பச்சைக் கழிவு, சாணி என்று அடுக்கி, ஈரம் காத்து, கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு ரெடி. உலக இயற்கை விவசாயத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அது.

நம்ம ஊரிலும் சாட்சி இருக்கு. குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்த ராபர்ட் மக்காரிசனும், கோவையின் வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்தும் 1926-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழுவுரத்தில் விளைந்த தானியம், ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்தில் மேலாக இருந்தது என்பது அதன் முடிவு. அதைவிட சுவாரஸ்யம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல். ஒரு பாத்திக்குத் தொழுவுரம், இன்னொன்றுக்கு ரசாயனம், வேறொன்றுக்கு எதுவுமே இல்லை என்று நூறு வருஷம் தாண்டியும் அது தொடர்கிறது. தொழுவுரம் விழுந்த மண்ணில் கரிமம் கூடுதலாக நிற்கிறது என்பதை அந்த வயல் காட்டியிருக்கிறது.

அப்போ குமரப்பா ஜெயித்தாரா?

நேர்மையாகச் சொன்னால், அவர் காலத்தில் இல்லை. 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் இருந்தார். பெரிய ஆலைகள் பக்கம்தான் பேச்சு போகிறது என்று தெரிந்ததும் விலகிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். உழுகிறவருக்கே நிலம் என்ற பக்கம் நின்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். இடையில் நிற்பவர்களை அகற்றச் சொன்ன அந்த அறிக்கை முழுசாக நடைமுறைக்கு வரவே இல்லை. மண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள்? அது தனக்குச் சொந்தம் என்று நம்புகிறவர்தான். அடுத்த வருஷம் குத்தகை இருக்குமா என்று தெரியாதவர் எருக்குழி வெட்ட மாட்டார். குமரப்பாவுக்கு நில உரிமையும் மண் வளமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

நாடு வேறு வழியில் போனது. 1960-களில் உணவுப் பஞ்சம், அமெரிக்கக் கோதுமைக் கப்பல்கள், அப்புறம் பசுமைப் புரட்சி. வீரிய ரகமும் ரசாயன உரமும் சேர்ந்து கோடிக்கணக்கான வயிறுகளை நிரப்பியது உண்மை. அதை மறைத்துவிட்டுக் குமரப்பாவைப் புகழ்வது நியாயம் இல்லை. ஆனால் அந்த விளைச்சலுக்கு நாம் கொடுத்த விலை லெட்ஜரின் மறுபக்கத்தில் இருந்தது. அதைத்தான் யாரும் எழுதவில்லை. இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறோம். 2015-ல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அடுத்த வருஷமே மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்ற பெயரில் திட்டமும் வந்தது. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் சுமார் 45 நாளில் மடக்கி உழுவது இப்போ மறுபடி பரவுகிறது.

கல்லுப்பட்டிக் குடிசை

உடல்நிலை இடம் கொடுக்காமல்போக, 1950-களில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் இருந்த காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்து எதுவும் சேர்க்கவில்லை. சின்னக் குடிசைதான் வீடு. அங்கே ஒரு ஏழைக் கிராமத்தானின் படத்தை மாட்டிவைத்திருந்தார். தன் குரு காந்தி, அந்தக் குருவுக்கும் குரு இவர்தான் என்று வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்வாராம்.

ரத்த அழுத்தம் முற்றி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1960 ஜனவரி 30 அன்று இறந்தார். காந்தி இறந்த அதே தேதி. 13 வருஷம் கழித்து 'சிறியதே அழகு' புத்தகத்தில் ஷூமாகர் அவரைக் குறிப்பிட்டபோது, வெளிநாட்டு வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் அறிமுகமானது. தஞ்சாவூரில் பிறந்தவரை நமக்கு லண்டன் புத்தகம் வழியாக ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

மறுபடியும் காஞ்சிக்கு...

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு ஊர் இருக்கு, உத்திரமேரூர். சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தைய சோழர் காலக் குடவோலைக் கல்வெட்டு அங்கே பிரபலம். அந்த ஊர்ச் சபையில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஏரி வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வுக்கு நிற்கவே முடியாது. ஏரியில் படியும் வண்டல்தான் காலம்காலமாக வயலுக்கு இலவச உரம். இன்றும் ஏரி வண்டலை எடுத்து வயலில் போட விவசாயிகளுக்கு அரசு அனுமதி தருகிறது. நீர், மண், கணக்கு மூன்றையும் ஒன்றாகப் பார்த்த அந்த ஊர்க்காரர்களோடு குமரப்பாவை உட்காரவைத்தால் நல்லாப் பேசியிருப்பார்கள்.

நமக்கு வயல் இல்லையே, நாம் என்ன பண்ண முடியும்னு கேட்கிறீங்களா? வீட்டுக் குப்பையிலிருந்து தொடங்கலாம். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட ஒரு பழைய வாளி போதும்.

* ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ போடுங்க. நாற்றம் வந்தால் காய்ந்தது குறைவு என்று அர்த்தம்.
* கொஞ்சம் சாணி அல்லது புளித்த மோர் தெளிச்சா, மக்குவது சீக்கிரம் தொடங்கும்.
* கையில் பிடித்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்கணும். சொட்டக் கூடாது.
* வாரம் ஒரு தடவை கிளறுங்க. இரண்டு, மூன்று மாசத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு எரு கிடைக்கும்.

எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடு என்பதுதான் குமரப்பாவின் மொத்தக் கணக்கும். அடுத்த முறை காஞ்சிக்குப் போனால் பட்டு எடுங்க, இட்லி சாப்பிடுங்க. அந்த மந்தாரை இலையை மட்டும் பிளாஸ்டிக் கவரோடு சேர்த்துக் கட்டிப் போட்டுடாதீங்க. அது மண்ணுக்குச் சேர வேண்டிய பாக்கி.